குறிப்பேடும் வினாச்சீட்டும்

மாணவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே புலப்படும்: எழுதுவதில் அவர்கள் காட்டும் சிரத்தைக்கு எந்தக் குறைவும் இல்லை. தலைப்புக்குச் சிவப்பு மையும், வரையறைக்குப் பச்சை மையும், முக்கியமான வரிகளின்மேல் மஞ்சள் பூச்சுமாகப் பக்கங்கள் விளங்குகின்றன. பரீட்சை நெருங்கும்போது அதே பக்கங்களை இரண்டு மூன்று முறை படித்துவிட்டு, கண்ணுக்குப் பழகிப்போன வரிகளெல்லாம் மனத்திலும் பதிந்துவிட்டன என்ற தைரியத்தோடு மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். வினாத்தாளைக் கண்டதும், அந்த வரி பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்பதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வரி என்ன சொல்லிற்று என்பது மட்டும் வருவதில்லை. 2013-ஆம் ஆண்டில் ஜான் டன்லாஸ்கி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும், மாணவர் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, அடிக்கோடிடுதல், திரும்பப் படித்தல், சுருக்கி எழுதுதல் முதலியவை பிரயோஜனம் குறைந்தவற்றின் வரிசையில் போய்ச் சேர்ந்தன. தன்னைத் தானே வினவிப் பார்ப்பதும், படிப்பை இடைவெளி விட்டுப் பல நாட்களுக்குப் பரப்பிக்கொள்வதும் ஆகிய இரண்டு மட்டுமே உயர்ந்த பயன் உடையவை என்று தேறின.

அதன் பிறகும் மாணவர் பழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை என்றால், அதற்கு அவர்களுடைய சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. குறிப்பு எழுதுவது ஒரு வேலை. அந்தக் குறிப்பிலிருந்து வினாக்களைப் பிரித்தெடுத்து, முன்புறம் வினாவும் பின்புறம் விடையுமாகத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, எதை என்றைக்கு எடுத்துப் பார்ப்பது என்று கணக்கு வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. ஃபிளாஷ் கார்டு என்று வழங்கும் இந்த வினாச்சீட்டுகளை ஆசையோடு எழுதத் தொடங்கி, கட்டு கனத்ததும் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். இவ்விரண்டு வேலைகளையும் ஒன்றாகப் பிணைத்து, குறிப்பு எழுதும் இடத்திலேயே வினாவையும் எழுதிவைத்தால் அதை உரிய நாளில் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் செயலிகள் சமீப காலத்தில் தோன்றியிருக்கின்றன. ரெம்நோட், லாக்சீக், துணைநிரல் ஒன்றைச் சேர்த்துக்கொண்ட அப்சிடியன் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. நேரம் மிச்சமாகும் என்பதே இத்தகைய செயலிகளைப் புகழ்வோர் முதலில் எடுத்துச் சொல்லும் காரணம். நேரம் மிச்சமாகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நேரம் எந்த வேலையிலிருந்து பிடித்துக்கொள்ளப்படுகிறது என்பதுதான் ஆராயத் தக்கது.

ஞாபகத்தைப் பற்றிய சாஸ்திரத்தில் இதற்கு அடிப்படையான ஆராய்ச்சி மிகப் பழையது. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட சிறு நூலில், தம்மையே பரிசோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, அர்த்தமற்ற சுமார் 2,300 அசைகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து வரிசை வரிசையாக எடுத்து மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, மீண்டும் மனப்பாடம் செய்ய எவ்வளவு சிரமம் மிச்சமாகிறது என்று வருஷக்கணக்கில் அளந்து பார்த்த வரலாறு காணப்படுகிறது. இருபது நிமிஷத்துக்குப் பின் மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்துக்குப் பின் 44. ஒரு நாள் கழிந்தால் 34. ஒரு மாதம் கழிந்தால் 21. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடுகிறது என்பதும், அதற்குத் தப்பியது மெல்ல மெல்லவே தேய்கிறது என்பதும் இந்த எண்களால் விளங்கும். இவற்றைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே நூலில் இருக்கும், இவற்றைவிடப் பயனுள்ள மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே மூச்சில் 68 முறை உருப்போட்டதனால் மறுநாள் கிடைத்த பலனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை உருப்போட்டதனாலேயே அவர் அடைந்துவிட்டார். இடைவெளி தன்னளவில் ஒரு உபகாரி என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

இடைவெளியின் மகிமை இது. வினவிப் பார்ப்பதன் மகிமை இதனின்றும் வேறு. 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் என்பவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பில் படித்த 3,605 பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தைப் படிக்கக் கொடுத்து, படித்தவுடன் சிலரையும் நாள் கழித்துச் சிலரையும் சோதித்தபோது, உடனே சோதிக்கப்பட்டவர்கள் பிற்பாடும் அதிகமாக நினைவு வைத்திருந்ததைக் கண்டார். சோதனை என்பது அறிவை அளக்கும் கருவி மாத்திரம் அன்று, அறிவை ஊன்றும் கருவியும் ஆகும் என்ற இந்த உண்மை பல காலம் தூசி படிந்து கிடந்தது. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இருவரும் அதைத் துலக்கிக் காட்டினார்கள். மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தார் ஒரு பாடத்தை நான்கு முறை படிக்கவும், இரண்டாம் கூட்டத்தார் மூன்று முறை படித்து ஒரு முறை நினைவிலிருந்து எழுதவும், மூன்றாம் கூட்டத்தார் ஒரே ஒரு முறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதவும் செய்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83, 78, 71 சதவீதம் என்ற கிரமத்தில் விடை வந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வரிசை தலைகீழாகி, நான்கு முறை படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட, மற்றவர்கள் 56, 61 என்று நின்றார்கள்.

மாணவரை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிஷத்து 83 தான். படித்து முடித்த சூட்டில் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. அந்தத் தோற்றத்தை நம்பியே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நேட் கார்னெல் 2009-இல் வினாச்சீட்டுகளை வைத்து நடத்திய பரிசோதனையில், இடைவெளி விட்டுப் படித்ததனால் 90 சதவீதத்தினர் அதிகப் பலன் பெற்றிருந்தும், ஒரே மூச்சில் படித்ததே மேலானது என்று 72 சதவீதத்தினர் அபிப்பிராயப்பட்டார்கள். தன் ஞாபகசக்தியைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்வதில் மனிதன் இவ்வளவு நம்பத் தகாதவனாக இருப்பதால்தான், எதை என்று திரும்பப் பார்ப்பது என்ற முடிவை வேறு ஒன்றினிடம் ஒப்படைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் இதைப் பரிசோதனைச் சாலை இல்லாமலே கண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், ஆசிரியரிடம் கேட்பதனால் மட்டும் கல்வியில் கால் பங்கே கைவரும் என்றும், உடன் கற்பவரோடு பழகுவதனால் மற்றொரு கால் பங்கு சேரும் என்றும், எஞ்சிய பாதியோ தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்றும் ஒரு கணக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கேட்டதைச் சிந்திப்பதையும், வினவுவதையும், வினவியதற்கு விடை சொல்வதையும் மாணவன் கடமைகளாக அந்நூல் வரிசைப்படுத்துகிறது. மனப்பாடத்தை இழிவாகப் பேசும் நம் காலத்தவர், மனப்பாடம் என்பது வெறும் உருப்போடல் அன்று, கேள்வியும் விடையுமாக நடந்த ஒரு பயிற்சி என்பதை இந்தச் சூத்திரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் இந்தப் பயிற்சியை அமைத்துக்கொள்ள இரண்டு நல்ல முறைகள் தோன்றின. முதலாவது அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் என்பவர் வகுத்தது. 1962-இல் வெளிவந்த அவருடைய நூல் மூலம் பரவியது. தாளின் இடப்புறத்தில் ஒரு குறுகிய பத்தியை விட்டுவிட்டு, வலப்புறத்தில் வகுப்புக் குறிப்பை எழுத வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு குறிப்புக்கும் நேராக இடப்பத்தியில் ஒரு வினாவையோ குறிச்சொல்லையோ எழுத வேண்டும். பிறகு வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்புறத்தைப் பார்த்து வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். இரண்டாவது முறை ஸெபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் கண்டது. ஐந்து அறைகளாகத் தடுத்த ஒரு பெட்டி; புதுச் சீட்டுகள் முதல் அறையில்; விடை சரியானால் சீட்டு அடுத்த அறைக்கு ஏறும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும்; பின்னால் உள்ள அறைகளை அவ்வப்போது பார்த்தால் போதும். தெரிந்ததற்குக் குறைந்த உழைப்பும் தெரியாததற்கு அதிக உழைப்பும் தாமாகவே பங்கீடாகிவிடுகின்றன.

இவற்றை அருகருகே வைத்து நோக்கினால் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை என்பது தெரியும். பாக் வகுத்த தாளில் வினாவும் குறிப்பும் பிரியாமல் ஒட்டியிருக்கின்றன. விடை தடுமாறினால் கையை எடுத்தவுடன் முன்னும் பின்னும் உள்ள விளக்கம் முழுவதும் கண்ணில் படும். ஆனால் எந்தத் தாளை என்று எடுப்பது என்பதற்கு அதில் ஒரு வழியும் கிடையாது. லைட்னரின் பெட்டி காலக்கணக்கைச் செம்மையாகப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சீட்டு தான் பிறந்த குறிப்பை விட்டு என்றென்றைக்கும் பிரிந்துவிடுகிறது. பிற்காலத்துக் கதை முழுவதும் இந்த இரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்க நடந்த முயற்சி என்றே நான் கருதுகிறேன்.

முதலில் முன்னேறியது காலக்கணக்கு. போலந்து நாட்டின் போஸ்னான் நகரில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக் 1985-இல் காகிதத்தில் தொடங்கிய சோதனைகளை 1987-இல் கணினி நிரலாக்கி, அதற்கு சூப்பர்மெமோ என்று பெயரிட்டார். அதன் கணக்கு எளிது. சரியான விடை வந்த சீட்டு முதலில் ஒரு நாள் கழித்தும், பிறகு ஆறு நாள் கழித்தும் வரும். அதன்பின் முந்தைய இடைவெளியை எளிமை எண் என்ற ஒன்றால் பெருக்க வேண்டும். அந்த எண் 2.5-இல் தொடங்கி, விடை சிரமப்பட்டு வந்தால் குறைந்து, 1.3-க்குக் கீழே போகாமல் நிற்கும். ஆகவே, ஒரு சீட்டு இடையூறு இல்லாமல் நடந்தால் 1, 6, 15, 38, 95 என்ற நாள் இடைவெளிகளில் ஐந்து முறை தலைகாட்டுவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிடும். ஐந்து மாதத்துக்கு மொத்தச் செலவு ஒரு நிமிஷம்கூட ஆகாது. 2006-இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் ஜப்பானிய மொழி பயில்வதற்காக எழுதிய அங்கி என்னும் நிரல் இதே கணக்கைத் தழுவி உலகெங்கும் பரவியது. 2023-இல், ஒருவரது பழைய விடைகளைக்கொண்டே அவருடைய மறதியின் வேகத்தை மதிப்பிடும் புதிய கணக்கு ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. மருத்துவ மாணவர்களும் மொழி பயில்வோரும் இதைக் கொண்டாடுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் அங்கியில் உள்ள சீட்டு அனாதை. எந்தப் பாடத்தின் எந்த இடத்தில் நின்று இந்த வினா எழுந்தது என்பதை ஆறு மாதம் கழித்து அதை எழுதியவரே சொல்ல முடியாது. பாடநூலின் புதுப் பதிப்பில் ஒரு செய்தி திருந்தினால் குறிப்பை ஓரிடத்திலும் சீட்டை வேறிடத்திலுமாகத் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவதே வழக்கம்.

இந்தக் குறையைத்தான் குறிப்பேட்டுச் செயலிகள் தீர்க்க வந்தன. அவற்றின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அப்சிடியனில் குறிப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் ஒரு வரியில் வினாவை எழுதி, இரண்டு முக்காற்புள்ளிகளை அடுத்தடுத்து இட்டு, அதே வரியில் விடையை எழுதினால் வினாச்சீட்டு ஆகிவிட்டது. வரியில் ஒரு சொல்லை மஞ்சள் பூசிக் காட்டினால், பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கேட்பார்களே, அதுபோல அந்தச் சொல்லை மறைத்துக் கேட்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். மறுபார்வை முடிந்தபின் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த வரியின் அடியில் அடுத்து வரவேண்டிய தேதியும், இடைவெளி நாட்களும், எளிமை எண்ணும் ஒரு சிறு அடையாளத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். லாக்சீக்கிலும் ஏறக்குறைய இப்படியே. சீட்டு என்ற அடையாளச்சொல்லை ஒரு பத்தியின்மேல் இட்டால் போதும். ரெம்நோட்டில் குறிப்புகள் தலைப்பு, உட்தலைப்பு என்று படிப்படியாக அடங்கியிருப்பதால், சீட்டு வரும்போது அது எந்தத் தலைப்பின்கீழ் எழுந்தது என்பதும் கூடவே வருகிறது. பாக்கின் இடப்பத்திக்கு லைட்னரின் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் எந்த வரியை வினாவாக்குவது, எப்படி ஆக்குவது என்ற பிரச்சினை அப்படியே நிற்கிறது. உயிரியல் மாணவி ஒருத்தி தன் குறிப்பில், கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்குகிறது, சிறுகுடலின் முற்பகுதியில் அது கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பித்தநீர் பற்றி எழுதுக என்று ஒரு சீட்டு எழுதினால் அது பயனற்றது. மூன்று செய்திகளில் இரண்டு வந்து ஒன்று வராவிட்டால் அதைச் சரி என்பதா, தவறு என்பதா? வோஸ்னியாக் 1999-இல் எழுதிய இருபது விதிகளில், புரியாததை மனப்பாடம் செய்யாதே என்பதை முதலாவதாகவும், ஒரு சீட்டில் முடிந்தவரை சிறிய செய்தியே இருக்கட்டும் என்பதை மிக வற்புறுத்தியும் சொன்னது இதனால்தான். ஆகவே சுரப்பது எது, சேமிப்பது எது, கொழுப்பை என்ன செய்கிறது என்று மூன்று சீட்டுகள். இம்மட்டில் நின்றால் மாணவி மூன்று சொற்களைக் கற்றிருப்பாள். பித்தப்பையை அறுத்து எடுத்துவிட்ட நோயாளிக்குக் கொழுப்பு அடியோடு செரிக்காமல் போகுமா என்று நான்காவதாக ஒன்று எழுதினாளானால், சுரப்பது கல்லீரல்தான், பித்தநீர் சேமிக்கப்படாமல் நேரே குடலுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், ஆகவே செரிமானம் அடியோடு நின்றுவிடாது என்ற விடைக்கு அவள் முன் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாக வேண்டும். அந்த நான்காவது வினாவைக் கண்டுபிடிக்கும் நிமிஷத்தில்தான் படிப்பு நடக்கிறது. குறிப்பு எதிரிலேயே விரிந்திருப்பதால் அத்தகைய வினா தோன்றுவதற்கு வாய்ப்பு அதிகம். இந்தச் செயலிகளின் மெய்யான உபகாரம் இதுவே என்பது என் துணிபு.

ஆதலால்தான், வினாவை எழுதும் உழைப்பையும் செயலியே எடுத்துக்கொள்ளும் புதிய போக்கு எனக்கு உவப்பாக இல்லை. பாடநூலின் கோப்பை ஏற்றினால் செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிஷத்தில் நூறு சீட்டுகளை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதற்கு முன்பே பிறர் எழுதிய கட்டுகளை இறக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. மருத்துவ மாணவர் உலகில் பல்லாயிரம் சீட்டுகள் கொண்ட கட்டுகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீவன் பான் என்பவரும் சகாக்களும் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாமே சீட்டு எழுதியவர்கள் ஆயத்தச் சீட்டைப் படித்தவர்களைக் காட்டிலும் நன்றாகக் கற்றார்கள் என்று கண்டிருக்கிறார்கள். நீச்சல் பழக வந்தவன் கரையில் உட்கார்ந்துகொண்டு வேறொருவனைக் குளத்தில் இறக்கிவிட்ட கதையாக இது முடிய வேண்டியதில்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓர் அயல்மொழியின் ஆயிரம் அடிப்படைச் சொற்களுக்குச் சீட்டு எழுதுவதில் சிந்தனைக்கு அதிக வேலை இல்லை, அங்கே ஆயத்தக் கட்டு போதும். ஆண்டி மாட்டுஷாக், மைக்கேல் நீல்சன் இருவரும் 2019-இல் குவாண்டம் கணினியைப் பற்றி எழுதிய இணையநூலில், கட்டுரையின் நடுவே நடுவே ஆசிரியர்களே வினாக்களைப் பதித்து, அவை பிற்பாடு வாசகரைத் தேடி வரும்படி அமைத்தார்கள். அங்கே வினா எழுதியவர்கள் பொருளை ஆழ்ந்து அறிந்தவர்கள்; எது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு கோப்பை நூறு துண்டாக நறுக்கும் இயந்திரத்துக்கு, இந்த மாணவிக்கு எது ஏற்கெனவே தெரியும் என்பதுகூடத் தெரியாது.

இத்தகைய செயலிகளைப் பற்றி மற்றொரு சங்கடமும் உண்டு; அது பரீட்சைக்குப் படிப்பவர்களைத்தான் அதிகம் தாக்கும். கணக்கெல்லாம் வாழ்நாள் முழுவதும் நினைவில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. பரீட்சைக்கோ ஒரு தேதி இருக்கிறது. நிக்கோலஸ் செப்பெடாவும் சகாக்களும் 2008-இல் கண்டபடி, ஒரு வாரத்தில் பரீட்சை என்றால் இரண்டு படிப்புகளுக்கும் நடுவே ஒரு நாளும், ஏறக்குறைய ஒரு வருஷத்தில் என்றால் மூன்று வாரமும் விடுவதே சோதித்த இடைவெளிகளில் சிறந்ததாக இருந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு நடக்கும் குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ்ப் பகுதியிலிருந்து வருகின்றன. அவற்றுள் நூல், நூலாசிரியர், அடைமொழி, பொருத்துக என்ற ரகமான வினாக்கள் சீட்டுக்கென்றே பிறந்தவை. ஆனால் இரண்டு மாதத்தில் தேர்வை வைத்துக்கொண்டு, சீட்டு 95 நாள் கழித்து வரட்டும் என்று விட்டுவிடுவது வீண். உச்ச இடைவெளியைக் குறைத்து வைக்கும் வசதி அங்கியிலும் பிறவற்றிலும் இருக்கிறது. அதைக் குறைத்தால் நாள்தோறும் வரும் சீட்டுகள் பெருகும். இரண்டு நாள் திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ போய்வந்தால் பாக்கி நூற்றுக்கணக்கில் நிற்கும். அதைக் கண்டு மிரண்டு செயலியையே கைவிடுகிறவர்கள் உண்டு. அத்தகைய நிலையில் செய்யத் தக்கது சீட்டுகளில் பாதியை நீக்கிவிடுவதுதான். தனிச் சீட்டுக் கட்டில் அப்படி நீக்கினால் எழுதியதெல்லாம் போயிற்றே என்று மனம் துணியாது. குறிப்பேட்டுச் செயலியிலோ இரண்டு முக்காற்புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு சிறு கோட்டை இட்டுவிட்டால் அந்த வரி சீட்டாக வருவது நிற்கும், குறிப்பாக அதே பக்கத்தில் அதே இடத்தில் இருக்கும். தேர்வு முடிந்தபின் வேண்டுமானால் மீண்டும் புள்ளிகளை இட்டுக்கொள்ளலாம்.